போர், மருத்துவர், சாட்சி: என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

முப்பது வருடம் அரசு மருத்துவமனைகளில் வேலை பார்த்துவிட்டு இப்போது தக்கலையில் ஒரு சிறிய கிளினிக் வைத்திருக்கிறேன். ஓய்வு பெற்றபின், அமைதிக்காகவும் போர்க்காலக் கொடுமைகளுக்கு நீதி கிடைக்கவும் மருத்துவர்கள் என்ன செய்திருக்கிறார்கள் என்பதைப் பற்றி நாகர்கோவில், மார்த்தாண்டம், குளச்சல் பக்கம் கல்லூரிகளிலும் நூலகங்களிலும் பேசி வருகிறேன். எங்கே போனாலும் ஏறக்குறைய ஒரே சந்தேகங்கள்தான் வருகின்றன. கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை எழுதியிருக்கிறேன்.

டாக்டரம்மா, நோய் பாக்கதுதானே உங்க வேலை? சண்டையப் பத்தி நீங்க என்னத்துக்குப் பேசணும்?

டெங்குக் காய்ச்சல் வந்தால் மாத்திரை கொடுப்பதோடு நாங்கள் நிறுத்துவதில்லை. ரப்பர் தோட்டத்தில் பால் எடுக்கும் சிரட்டையைக் கவிழ்த்து வையுங்கள், மழைத்தண்ணீர் தேங்கவிடாதீர்கள் என்று வீடு வீடாகப் போய்ச் சொல்கிறோம். அது மருத்துவம் இல்லை என்று யாரும் சொன்னதில்லை. நோய் எங்கிருந்து வருகிறதோ அங்கே போய்ப் பேசுவதும் எங்கள் வேலைதான்.

போரில் குண்டுபட்டு இறப்பவர்கள் ஒரு பங்கு. இன்சுலின் கிடைக்காமல், டயாலிசிஸ் நின்றுபோய், பிரசவத்தில் ரத்தம் ஏற்ற வழியில்லாமல், குடிதண்ணீர் கெட்டு வயிற்றுப்போக்கில் இறப்பவர்கள் இன்னொரு பெரிய பங்கு. இந்தச் சாவுகளை முதலில் பார்ப்பது மருத்துவமனைதான். பார்த்தவர்கள் பேசாவிட்டால் வேறு யார் பேசுவது?

இது வெளிநாட்டுக்காரங்க வேலைல்லா? நம்ம ஊருக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

நெய்யூர் மருத்துவமனையைத் தெரியாதவர்கள் நம் மாவட்டத்தில் இருக்க மாட்டார்கள். அங்கே 1920களில் தொடங்கி இருபது வருடத்துக்கும் மேல் அறுவைச் சிகிச்சை செய்தவர் ஹோவர்ட் சோமர்வெல். எவரெஸ்ட் ஏறப் போனவர் என்றுதான் அவரைப் பற்றிச் சொல்வார்கள். அதற்கு முன் அவர் முதல் உலகப் போரில் ராணுவ டாக்டர். 1916ல் பிரான்சில் சோம் சண்டையின்போது, நூற்றுக்கணக்கான பையன்கள் ஸ்ட்ரெச்சரில் வரிசையாகக் கிடக்க, யாரை முதலில் எடுப்பது என்று முடிவு செய்ய வேண்டிய இடத்தில் இருந்தார். அங்கிருந்து திரும்பியவர் சாகும்வரை போருக்கு எதிரானவராகவே இருந்தார். 1922 எவரெஸ்ட் பயணம் முடிந்து ஊர்சுற்ற வந்த இடத்தில் நெய்யூரின் நோயாளிக் கூட்டத்தைப் பார்த்து, லண்டன் வேலையை விட்டுவிட்டு இங்கேயே தங்கிவிட்டார்.

அது பழைய கதை என்றால், பெருமாள்புரத்திலும் பழவிளையிலும் இருக்கும் இலங்கைத் தமிழர் முகாம்களுக்குப் போய்ப் பாருங்கள். நம் மாவட்டத்து நர்சுகள் வேலை பார்க்கும் நாடுகளையும் எண்ணிப் பாருங்கள். 2014ல் ஈராக்கின் திக்ரித்தில் சிக்கிக்கொண்ட 46 இந்திய நர்சுகள் கொச்சியில் வந்து இறங்கும்வரை பக்கத்து மாவட்டத்து வீடுகளில் யாரும் தூங்கவில்லை.

பொறுப்புக்கூறல், பொறுப்புக்கூறல்னு சொல்லுதீங்க. பழிவாங்கணும்னு நேரா சொல்லலாமே?

இல்லை. பழிவாங்குவதற்கு ஒரு ஆளும் ஒரு ஆயுதமும் போதும், சாட்சி தேவையில்லை. பொறுப்புக்கூறலுக்குச் சாட்சி வேண்டும், விசாரணை வேண்டும், குற்றம் சாட்டப்பட்டவருக்குப் பேச வாய்ப்பு வேண்டும். என்ன நடந்தது, யார் உத்தரவிட்டார், காணாமல் போனவர் எங்கே என்ற மூன்றுக்கும் பதில் கிடைக்க வேண்டும். நான் சந்தித்த குடும்பங்களில் பெரும்பாலானோர் கேட்டது மூன்றாவது கேள்வியை மட்டும்தான்.

ஒரு டாக்டர்கிட்ட அப்படி என்ன சாட்சி இருக்கும்? அவர் சண்டைக்களத்துல நின்னாரா?

நிற்கவில்லை. ஆனால் உடம்பு நின்றது. குண்டு எந்தப் பக்கம் நுழைந்தது, எவ்வளவு நெருக்கத்தில் சுட்டது, கைகள் கட்டப்பட்டிருந்தனவா, தழும்பு எத்தனை நாள் பழையது என்பதெல்லாம் உடம்பில் இருக்கும். அரசு மருத்துவமனையில் ஏ.ஆர். (ஆக்சிடென்ட் ரிஜிஸ்டர்) என்று ஒரு பதிவேடு உண்டு. அடிபட்டு வருபவரின் பெயர், நேரம், யார் கொண்டுவந்தார், எப்படி அடிபட்டது என்று சொன்னார், காயத்தின் நீள அகலம் என எல்லாம் அதில் ஏறும். பைக்கில் விழுந்தவருக்கு எழுதுவதும் அதே நோட்டுதான். போர்க்குற்ற விசாரணைகளில் நிற்கும் மருத்துவச் சாட்சியத்தின் அடிப்படை அந்த நோட்டைத் தாண்டிய எதுவும் இல்லை.

இதை ஒழுங்குபடுத்த இரண்டு வழிமுறைகள் இருக்கின்றன. சித்திரவதைக்கு உள்ளானவரை எப்படிப் பரிசோதித்து எழுதுவது என்பதற்கு 1999ல் உருவான இஸ்தான்புல் நெறிமுறை, 2022ல் புதுப்பித்தார்கள். சட்டவிரோதமாகக் கொல்லப்பட்டதாகச் சந்தேகிக்கப்படும் உடலை எப்படி ஆராய்வது என்பதற்கு 1991ல் வந்த மினசோட்டா நெறிமுறை. இரண்டும் ஐ.நா. ஏற்றவை.

ஒரு உதாரணம் சொல்கிறேன். 1988 ஆகஸ்டில் ஈராக்கின் குர்து கிராமமான பிர்ஜின்னியில் விமானத்திலிருந்து குண்டு போட்டார்கள். விஷவாயு என்று தப்பியவர்கள் சொன்னார்கள், அரசு மறுத்தது. நான்கு வருடம் கழித்து, மனித உரிமைகளுக்கான மருத்துவர்கள் என்ற அமெரிக்க அமைப்பினரும் இன்னொரு மனித உரிமை அமைப்பினரும் அங்கே போய்க் குண்டுக்குழியிலிருந்து மண்ணை எடுத்து ஆய்வுக்கு அனுப்பினார்கள். மஸ்டர்ட் வாயுவும் சரின் என்ற நரம்பு விஷமும் விட்டுச்சென்ற தடயங்கள் நான்கு வருட மழைக்குப் பின்னும் அந்த மண்ணில் இருந்தன. மருத்துவமும் வேதியியலும் சேர்ந்து தப்பியவர்களின் வாய்மொழிக்குத் துணை நின்றன.

ஆஸ்பத்திரி மேல குண்டு போடப்பிடாதுன்னு சட்டம் இருக்கா, இல்ல சும்மா தர்மமா?

சட்டம்தான். 1864ல் முதல் ஜெனீவா உடன்படிக்கை, பிறகு 1949ல் நான்கு உடன்படிக்கைகள். இந்தியா அவற்றை ஏற்று 1960ல் தனிச்சட்டமே இயற்றியது. இலங்கையும் ஏற்றிருக்கிறது.

"உள்ளே போராளி படுத்திருந்தாரே" என்று உடனே கேட்பார்கள். காயம்பட்ட போராளி படுக்கையில் இருப்பதால் மருத்துவமனையின் பாதுகாப்பு போய்விடாது. அங்கிருந்து சண்டை நடத்தினால்தான் போகும். அப்போதும் முன்கூட்டியே எச்சரித்து, நியாயமான கால அவகாசம் கொடுத்து, அதையும் மதிக்காவிட்டால்தான். 2015 அக்டோபர் 3ல் ஆப்கானிஸ்தானின் குந்தூசில் எல்லைகளற்ற மருத்துவர்கள் என்ற அமைப்பு நடத்திய மருத்துவமனையை அமெரிக்க விமானம் தாக்கி 42 பேர் இறந்தார்கள். அமெரிக்க ராணுவம் தவறு என்று ஒப்புக்கொண்டது. 16 பேர்மீது துறைநடவடிக்கை எடுத்தது. ஒருவர்மீதும் குற்ற வழக்கு இல்லை. அடுத்த ஆண்டு மே 3ல் ஐ.நா. பாதுகாப்புச் சபை மருத்துவச் சேவையைக் காக்கச் சொல்லி 2286ஆம் தீர்மானத்தை நிறைவேற்றியது. சட்டத்துக்குக் குறைவில்லை. அமல்படுத்தத்தான் ஆள் இல்லை. மருத்துவர்கள் கத்துவது அதற்காகத்தான்.

முள்ளிவாய்க்கால்ல டாக்டர்மாரு இருந்தாங்களே, அவங்க என்ன செஞ்சாங்க?

முகாமில் வளர்ந்த ஒரு பையன் கேட்ட கேள்வி இது. 2009ல் வன்னிக்குள் எஞ்சியிருந்த ஒருசில மருத்துவர்கள் இலங்கை அரசின் சம்பளம் வாங்கும் அரசு ஊழியர்கள்தான். வரதராஜா முல்லைத்தீவு மாவட்டச் சுகாதார அதிகாரி, சத்தியமூர்த்தி கிளிநொச்சி மாவட்டச் சுகாதார அதிகாரி. சண்முகராஜா போன்றவர்களும் உடனிருந்தார்கள். பிப்ரவரியில் புதுக்குடியிருப்பு மருத்துவமனை திரும்பத் திரும்ப ஷெல்லடிக்கு உள்ளானது. அங்கிருந்து புதுமாத்தளன், பிறகு முள்ளிவாய்க்கால் என்று பள்ளிக்கூடக் கட்டிடங்களில் மருத்துவமனை நடத்தினார்கள். மயக்க மருந்து இல்லை, ஆன்டிபயாடிக் இல்லை, ரத்தம் இல்லை. செஞ்சிலுவைச் சங்கக் கப்பல் வந்தபோதெல்லாம் காயம்பட்டவர்களைக் கடல்வழியாகத் திருகோணமலைக்கு அனுப்பினார்கள்.

இன்னொன்றும் செய்தார்கள். தினமும் எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை பேர் இறந்தார்கள், என்ன மருந்து தேவை என்று மேலதிகாரிகளுக்கு எழுதினார்கள். வெளிநாட்டுச் செய்தியாளர்களுக்குத் தொலைபேசியில் சொன்னார்கள். செய்தியாளர்கள் உள்ளே போக முடியாத போர் அது. வன்னியில் இருந்த மருத்துவமனைகள் எல்லாமே ஷெல்லடிக்கு உள்ளாயின என்று 2011ல் ஐ.நா. நிபுணர் குழு எழுதியது. உலகத்துக்கு அது அன்றே தெரிய வந்ததில் இந்த மருத்துவர்களின் குரலுக்குப் பெரிய பங்கு உண்டு.

அவங்களே அப்புறமா "நாங்க சொன்னது பொய்"னு பேட்டி குடுத்தாங்களே. அப்ப எதை நம்பதுக்கு?

கொடுத்தார்கள். 2009 ஜூலை 8, கொழும்பு. மே மாதம் கைதானவர்கள், காவலில் இருந்தபடியே செய்தியாளர் முன் உட்காரவைக்கப்பட்டார்கள். எண்ணிக்கையைக் கூட்டிச் சொல்லும்படி புலிகள் கட்டாயப்படுத்தினார்கள் என்று சொன்னார்கள். அடுத்த மாதம் பிணையில் வந்தார்கள். அவர்களில் ஒருவரான வரதராஜா பின்னால் வெளிநாடு போனபிறகு, அந்தப் பேட்டி நெருக்கடியில் சொல்லவைக்கப்பட்டது என்று வெளிப்படையாகச் சொன்னார்.

எதை நம்புவது என்றால், காவலில் இருப்பவர் எந்தத் தரப்பு முன்னால் சொன்னாலும் அதை அப்படியே எடுக்கக்கூடாது. அன்றன்று எழுதப்பட்டதை எடுக்க வேண்டும். செயற்கைக்கோள் படம், செஞ்சிலுவைச் சங்க அறிக்கை, திருகோணமலையில் இறங்கியவர்களின் காயங்கள் ஆகியவற்றோடு அதை ஒப்பிட வேண்டும். அந்த மருத்துவர்களைக் கோழைகள் என்று ஒரு கூட்டத்தில் ஒருவர் சொன்னார். எனக்குக் கோபம் வந்தது. ஷெல் விழும்போது ஓடாமல் நின்றவர்களை, ஏ.சி. அரங்கில் உட்கார்ந்து எடைபோட நமக்கு எந்த உரிமையும் இல்லை.

நம்ம ராணுவம் யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குள்ள சுட்டதா சொல்லுதாங்க. உள்ளதா?

உள்ளதுதான். 1987 அக்டோபர் 21, தீபாவளி நேரம். இந்திய அமைதிப்படை யாழ்ப்பாணம் போதனா மருத்துவமனைக்குள் நுழைந்து சுட்டதில் மருத்துவர்கள், நர்சுகள், ஊழியர்கள், நோயாளிகள் என்று 60 முதல் 70 பேர் இறந்தார்கள். மறுநாள் காலை குழந்தைகள் மருத்துவர் சிவபாதசுந்தரம் நர்சுகளுடன் கைகளை உயர்த்திக்கொண்டு, நாங்கள் மருத்துவர்கள், சரணடைகிறோம் என்று சொல்லியபடி நடந்து வந்தார். அவரையும் சுட்டார்கள். புலிகள் உள்ளிருந்து சுட்டதால் நடந்த மோதல் என்பது இந்தியத் தரப்பின் விளக்கம். தப்பிய ஊழியர்களின் சாட்சியம் அப்படிச் சொல்லவில்லை. புலிகள் முதலில் அங்கிருந்து சுட்டிருந்தாலும் சரி, கையுயர்த்தி வந்த டாக்டரைச் சுட்டதற்கு எந்த விளக்கமும் கிடையாது.

நாகர்கோவிலில் இதைச் சொன்னபோது முன்வரிசையில் இருந்த ஒரு பெரியவர், முன்னாள் ராணுவவீரர், எழுந்து போய்விட்டார். அவருடைய வருத்தம் எனக்குப் புரிகிறது. ஆனால் கொழும்பைக் கேட்கும் கேள்வியை டெல்லியைக் கேட்காவிட்டால் நான் கேட்பதற்கு மதிப்பில்லை.

புலிகளப் பத்தி மட்டும் வாயத் திறக்க மாட்டீங்க, அப்படித்தானே?

திறப்பேன். ரஜனி திரணகம என்ற பெயரைச் சொல்லித்தான் திறப்பேன். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் உடற்கூறியல் துறைத் தலைவர். ஒருகாலத்தில் புலிகளுக்கு ஆதரவாக இருந்தவர், காயம்பட்ட போராளிகளுக்கு வைத்தியம் பார்த்தவர். பிறகு சக ஆசிரியர்களோடு சேர்ந்து மனித உரிமைகளுக்கான பல்கலைக்கழக ஆசிரியர் அமைப்பைத் தொடங்கினார். இலங்கை ராணுவம், இந்திய அமைதிப்படை, புலிகள், மற்ற இயக்கங்கள் என யார் செய்ததையும் விடாமல் எழுதினார். வீடு வீடாகப் போய்ப் பெண்களிடம் கேட்டுக் குறித்துக்கொண்டார். 1989 செப்டம்பர் 21ல் பல்கலைக்கழகத்திலிருந்து சைக்கிளில் வீடு திரும்பும் வழியில் சுட்டுக் கொல்லப்பட்டார். வயது 35. சுட்டது புலிகள் என்றே அவருடைய குடும்பமும் தோழர்களும் சொல்கிறார்கள். யாரும் தண்டிக்கப்படவில்லை.

இறுதிப் போரில் தப்பி ஓடிய மக்களைப் புலிகள் தடுத்ததையும் சுட்டதையும், சிறுவர்களைப் படையில் சேர்த்ததையும் மேலே சொன்ன அதே ஐ.நா. குழு எழுதியிருக்கிறது. அரசுமீதான பக்கத்தை மட்டும் கிழித்தெடுத்துக் கையில் வைத்துக்கொள்ள என்னால் முடியாது.

எதிரிக்கு வைத்தியம் பாக்கது துரோகம் இல்லையா?

1982 மண்டைக்காடு கலவரத்தின்போது வார்டில் இருந்த மூத்த நர்ஸ் ஒருவர் எனக்குச் சொன்னது: சிலுவை போட்டவரும் விபூதி பூசியவரும் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் கிடந்தார்கள், வெளியே இரண்டு கூட்டமும் நின்று கத்தியது, "நான் ட்ரிப் ஏத்தும்போ ஊசிக்கு நரம்புதான் தெரிஞ்சிது மக்களே." அதற்கு மேல் எனக்குப் பதில் தெரியாது.

எண்ணிக்கை எப்பவுமே சண்டையால்லா இருக்கு. ஒருத்தர் 40,000ங்கார், இன்னொருத்தர் 70,000ங்கார். எது சரி?

இலங்கை இறுதிப் போரில் இறந்த பொதுமக்களின் எண்ணிக்கையைத்தான் கேட்கிறார்கள். 2011ல் ஐ.நா. நிபுணர் குழு 40,000 வரை இருக்கலாம் என்றது. 2012ல் ஐ.நா.வின் உள்ளாய்வு 70,000க்கும் மேல் கணக்கில் வராதவர்கள் இருக்கலாம் என்றது. இரண்டும் மதிப்பீடுகள். ஒவ்வொரு பெயராக எண்ணியவை அல்ல.

மருத்துவமனைக் கணக்கு எப்போதும் கீழ் எல்லைதான். சம்பவ இடத்திலேயே இறந்தவரை யாரும் மருத்துவமனைக்குத் தூக்கி வருவதில்லை, அங்கேயே புதைத்துவிடுவார்கள். வீடுவீடாக மாதிரி எடுத்துக் கணக்கிட்டால் எண் பெரிதாக வரும், அதில் தவறும் இருக்கும். ஈராக் போரில் 2006ல் ஒரு மருத்துவ இதழில் வந்த கணக்கெடுப்பு ஆறரை லட்சம் என்றது. மற்ற கணக்குகள் அதைவிட மிகக் குறைவு. அந்த எண்ணைப் பற்றிய சண்டை இன்னும் ஓயவில்லை. அதனால் நான் எந்த எண்ணைச் சொன்னாலும் யார், எப்படிக் கணக்கிட்டார்கள் என்பதையும் சேர்த்தே சொல்வேன். கூட்டிச் சொன்னால் கைதட்டல் கிடைக்கும், ஆனால் ஒரு எண் பொய்யென்று தெரிந்தால் உண்மையான நூறு சாவையும் பொய் என்று சொல்லிவிடுவார்கள்.

டாக்டர்களே கொடுமை செஞ்சிருக்காங்களே, அது தெரியுமா?

தெரியும். 1946 டிசம்பரில் நியூரம்பெர்க்கில் தொடங்கிய வழக்கில் 23 பேர் கூண்டில் நின்றார்கள். அவர்களில் 20 பேர் மருத்துவர்கள். கைதிகளை உறையவைத்தும், நோயைச் செலுத்தியும் ஆராய்ச்சி செய்தவர்கள். 16 பேர் குற்றவாளிகள், 7 பேருக்குத் தூக்கு. அதிலிருந்துதான் நோயாளியின் சம்மதம் இல்லாமல் ஆராய்ச்சி கூடாது என்ற விதி பிறந்தது. சித்திரவதைக்கு எந்த வகையிலும் மருத்துவர் துணைபோகக் கூடாது என்று 1975ல் டோக்கியோவில் உலக மருத்துவச் சங்கம் அறிவித்தது.

ஆனால் அவ்வளவு தூரம் போக வேண்டாம். நான் பணியில் சேர்ந்த முதல் வருடம், ஒரு இரவு, போலீஸ் காவலில் இருந்த ஒருவரைக் கொண்டுவந்தார்கள். பாதங்கள் வீங்கி, முதுகில் இணைகோடுகளாகத் தடிப்பு. "படியில விழுந்துட்டான்னு போட்டுருங்க மேடம்" என்றார் கூட வந்தவர். மூத்தவர் ஒருவர் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். நான் அப்படியே எழுதினேன். விழுந்தவருக்குப் பாதத்தின் அடியில் அப்படி வீங்காது என்று எனக்குத் தெரியும். அந்த மனிதர் என் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த ஒரு வரிக்காகத்தான் இத்தனை வருடம் கழித்து ஊர் ஊராகப் பேசிக்கொண்டிருக்கிறேன்.

அணுகுண்டுக்கு எதிரா டாக்டர்மாருக்கு நோபல் குடுத்தாங்களாமே?

ஆமாம், 1985ல். அணுப்போரைத் தடுப்பதற்கான சர்வதேச மருத்துவர்கள் அமைப்பு. அமெரிக்காவின் பெர்னார்ட் லவுன், சோவியத் யூனியனின் யெவ்கெனி சாசோவ் என்ற இரண்டு இதய மருத்துவர்கள் 1980ல் சேர்ந்து தொடங்கியது. அவர்கள் சொன்னது எளிது: ஒரு நகரத்தில் அணுகுண்டு விழுந்தால் மருத்துவமனையும் போய்விடும், டாக்டரும் போய்விடுவார், வைத்தியமே கிடையாது, அதனால் தடுப்பு ஒன்றுதான் வழி. இந்தியாவிலும் இதன் கிளை அமைப்பு இருக்கிறது. இந்தியா அணு ஆயுதத் தடை ஒப்பந்தத்தில் கையெழுத்திடவில்லை.

நோயாளி ரகசியத்தை வெளிய சொல்லப்பிடாதுன்னு படிக்கிறோம். அப்ப சாட்சி எப்படி சொல்லது?

நர்சிங் மூன்றாம் வருட மாணவி கேட்டது. இதுதான் இருப்பதிலேயே கடினமான கேள்வி. பதில் சம்மதம். எதற்காக எழுதுகிறோம், யார் படிப்பார்கள், ஆபத்து என்ன என்று அவருக்குப் புரியும்படி சொல்லி, வேண்டாம் என்றால் விட்டுவிட வேண்டும். இஸ்தான்புல் நெறிமுறை இதைத் தெளிவாகவே சொல்கிறது. பாலியல் வன்முறைக்கு உள்ளானவர் பேச மறுத்தால் அது அவர் முடிவு. நம்முடைய இயக்கம் அவருடைய உயிரைவிடப் பெரிதில்லை. பெயர் இல்லாமல் எண்ணிக்கையை வெளியிடலாம். கிராமம் சின்னதாக இருந்தால் அதுவும் ஆளைக் காட்டிக்கொடுக்கும், யோசித்துச் செய்ய வேண்டும்.

காங்கோவில் டெனிஸ் முக்வெகே போரில் வன்முறைக்கு உள்ளான பெண்களுக்கு 1999 முதல் பாஞ்சி மருத்துவமனையில் அறுவைச் சிகிச்சை செய்துவருகிறார். 2018ல் நோபல் பெற்றார். தான் தைத்து அனுப்பிய பெண்ணின் மகளே அடுத்து வருகிறாள் என்ற நிலையில்தான் அவர் அறுவை அரங்கை விட்டு வெளியே வந்து, குற்றவாளிகளை விசாரிக்கச் சொல்லிப் பேசத் தொடங்கினார். 2012ல் அவரைக் கொல்லவும் பார்த்தார்கள். நோயாளிகளின் சம்மதத்தோடும், பெயரைக் காத்தும் பேச முடியும் என்பதற்கு அவரைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

நான் கவர்மென்ட் வேலைல இருக்கேன். கொடி பிடிச்சா வேலை போயிரும். நான் என்ன செய்ய?

கொடி பிடிக்க வேண்டாம். மேலே சொன்ன ஏ.ஆர். நோட்டை ஒழுங்காக எழுதுங்கள். காயத்தை அளந்து, நிறம் எழுதி, இடத்தைப் படமாக வரைந்து காட்டுங்கள். "விழுந்ததாகக் கூறுகிறார்" என்பதும் "விழுந்தார்" என்பதும் ஒன்றில்லை. அழைத்து வந்தவர் சொன்னதை நோயாளி சொன்னதாக எழுதாதீர்கள். காவலில் இருப்பவரை 48 மணி நேரத்துக்கு ஒருமுறை மருத்துவர் பரிசோதிக்க வேண்டும் என்று டி.கே. பாசு வழக்கில் 1996ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. பரிசோதிக்கும்போது போலீசை வெளியே நிற்கச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. சாத்தான்குளம் காவல் மரணங்களுக்குப் பிறகு இது ஏன் முக்கியம் என்று நம் பக்கத்தில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அமைதிக்காலத்தில் உண்மையை எழுதப் பழகாத கை போர்க்காலத்தில் எழுதாது.

இவ்வளவு எழுதி யாருக்காவது தண்டனை கிடைச்சிருக்கா?

சில இடங்களில் கிடைத்திருக்கிறது. 1995 ஜூலையில் போஸ்னியாவின் ஸ்ரெப்ரனிட்சாவில் எட்டாயிரம் ஆண்களும் சிறுவர்களும் கொல்லப்பட்டார்கள். தடயத்தை மறைக்கப் புதைகுழிகளைத் தோண்டி உடல்களை வேறிடத்துக்கு மாற்றினார்கள். தடயவியல் மருத்துவர்களும் எலும்பு ஆய்வாளர்களும் துண்டு துண்டாகச் சேர்த்தார்கள். கைக்கட்டும் கண்கட்டும் அப்படியே இருந்ததால் சண்டையில் செத்தார்கள் என்ற வாதம் நிற்கவில்லை. போஸ்னிய செர்பியப் படைத்தளபதி மிலாடிச்சுக்கு 2017ல் ஆயுள்தண்டனை, 2021ல் உறுதியானது. இருபத்தாறு வருடம் ஆனது.

இலங்கை இறுதிப் போர் விஷயத்தில் இதுவரை அப்படி ஒன்றும் நடக்கவில்லை. நடந்ததாகச் சொல்லி யாரையும் ஆறுதல்படுத்த மாட்டேன். 2021 மார்ச்சில் ஐ.நா. மனித உரிமைப் பேரவையின் 46/1 தீர்மானத்தின்படி சாட்சியங்களைத் திரட்டிப் பாதுகாக்கும் வேலை தொடங்கியது, அவ்வளவுதான்.

எங்கிட்ட ஒரு காகிதமும் இல்ல அம்மா. காயம் மட்டும்தான் இருக்கு. இனி எழுதி என்ன ஆவப்போவுது?

முகாமிலிருந்து வந்த ஒரு அக்கா கேட்டது. பழைய தழும்பையும் எழுதலாம். ஒருவர் சொல்லும் சம்பவத்தோடு தழும்பு பொருந்தவில்லை, பொருந்துகிறது, மிகவும் பொருந்துகிறது, அப்படிப்பட்ட காயத்துக்கே உரியது, வேறு எதனாலும் வந்திருக்க முடியாது என்று ஐந்து படிகளாக மதிப்பிட இஸ்தான்புல் நெறிமுறை கற்றுத்தருகிறது. உள்ளே தங்கிய உலோகத் துண்டு எக்ஸ்ரேயில் வருடங்கள் கழித்தும் தெரியும்.

அடுத்த வாரம் அவர் எக்ஸ்ரேயோடு வந்தார். இடது தொடையில் மூன்று துண்டுகள். சம்பவம் நடந்த நாள், இடம், நேரம் எல்லாவற்றையும் அவர் சொன்ன சொற்களிலேயே எழுதினேன், தழும்புகளை அளந்தேன், "மிகவும் பொருந்துகிறது" என்று முடித்துக் கையெழுத்துப் போட்டேன். அவர் ஒருமுறை முழுவதும் படித்தார். "சீலும் குத்துங்க அம்மா" என்றார். குத்தினேன். இரண்டு நகல் எடுக்கச் சொல்லி, ஒன்றை என் அலமாரியிலேயே வைத்திருக்கும்படி கொடுத்துவிட்டுப் போனார்.